வடக்கு மூலைப் பட்டாம்பூச்சிகள்

அக்டோபர் 28, திங்கள்

விடியலில் தூறல். எட்டு மணிக்கு மேல் வெயில்.

எட்டாம் வகுப்பு வரை படித்தேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன். படித்தது மூன்று. அதிலும் பாதி வருடம் அம்மை வார்த்துப் படுத்திருந்தேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வாயில் எட்டு வந்துவிட்டது. "நல்லதாப் போச்சு, எழுதத் தெரிஞ்ச ஆள்தான் எனக்கு வேணும்" என்று உடனே பென்சிலைக் கையில் கொடுத்துவிட்டார். இனித் திருத்த முடியாது.

நோட்டு இரண்டு. ஒன்று பூச்சிக்கு. இன்னொன்று கைப்பழக்கத்துக்கு. தினமும் நாலு வரி எழுதினால் எழுத்து ஓடுமாம். இது அந்த இரண்டாவது நோட்டு. யாரும் பார்க்கப் போவதில்லை.

டீச்சர் பெயர் வனஜா. சேலத்தில் பெண்கள் காலேஜில் விலங்கு, பூச்சி பற்றிப் பாடம் எடுப்பவர். முப்பத்தைந்து வயது இருக்கும். நான் சமைத்துப் பெருக்கும் பங்களாவில் இரண்டாம் நம்பர் அறை. அடுத்த வாரம் வியாழன் வரைக்கும்.

கொண்டு வந்த சாமான்:
கொசுவலைத் துணியில் தைத்த வலை, நீளக் காம்போடு
பாட்டில் இரண்டு (தொடக் கூடாது, விஷம்)
அந்துருண்டை வாசம் அடிக்கும் மரப்பெட்டி
குடை
முறுக்கு ஒரு டப்பா. நமுத்திருந்தது. சொல்லவில்லை. தின்றேன்.

வேலை என்னவென்றால், இந்தத் திட்டில் எத்தனை வகைப் பட்டாம்பூச்சி, எந்த இடத்தில் எத்தனை என்று பார்த்து எழுதுவது. சமையல், பெருக்கல் போக மற்ற நேரம் நான் கூடப் போக வேண்டும். "பட்டாம்பூச்சிய எண்ணறதுக்குக் காலேஜுங்களா டீச்சர்? எங்க தெருவுல இதைப் பைத்தியம்னு சொல்லுவாங்க" என்றேன். சிரித்தார். பரவாயில்லை, சிரிக்கிற ஆள்.

அக்டோபர் 29, செவ்வாய்

வெயில். காற்று இல்லை.

போர்டில் தீவுப் பூங்கா என்று இருக்கிறது. நாங்கள் சொல்வது திட்டு. காவிரி நடுவில். இந்தப் பக்கம் குமாரபாளையம், தறிச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கும். திட்டில் தெற்குப் பாதி தோட்டம்: புல்தரை, கேந்திப் பூப் பாத்தி, தண்ணீர் பீய்ச்சும் தொட்டி, கலர் பல்பு, கேன்டீன், ரேடியோக் குழாய், படகுத்துறை. வடக்குப் பாதி புதர்: எருக்கு, உண்ணிச்செடி, புங்கமரம், முள். அங்கே யாரும் போவதில்லை.

வடக்கு மூலை என்று ஒவ்வொரு தடவையும் எழுதக் கை வலிக்கிறது. இனிமேல் வ.மூ.

வ.மூ.வைச் சமன் பண்ணிச் சின்னச் சின்ன வீடாக எட்டுக் கட்டப் போகிறார்களாம், டூரிஸ்ட் தங்க. எஞ்சினீயர் ஐயா போன மாதம் வந்து கையை நீட்டி நீட்டிக் காட்டிவிட்டுப் போனார். டீச்சர் வந்ததே அதற்குத்தான். எஞ்சினீயரிடம் பேசி வைத்திருக்கிறார். அவர் சொன்னதை டீச்சர் அவர் மாதிரியே சொல்லிக் காட்டினார்: "வகையெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. தலை எண்ணிக்கை கொண்டாங்க. தோட்டத்தை விடப் புதர்ல பூச்சி அதிகம்னா, ஜனங்க பாக்க வருவாங்கன்னா, புதராவே இருந்துட்டுப் போகட்டும். எனக்கும் செலவு மிச்சம்."

ஆக, தோட்டத்தை விட வ.மூ.வில் அதிகம் இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

என் பையன் வ.மூ.வில் இருக்கிறான். எழுதிவிட்டேன். இதற்கு முன் எங்கேயும் எழுதியதில்லை, எழுத வேண்டி வரவும் இல்லை. இருபத்தொரு வருடம். பிறக்கும்போதே மூச்சு இல்லை. ஞானஸ்நானம் கொடுக்காத பிள்ளைக்குக் கோயில் கல்லறையில் இடம் இல்லை என்று உபதேசியார் சொன்னார். அது வழக்கம். அவர் மேல் குறை இல்லை. வீட்டுக்காரர் துணியில் சுற்றிப் பரிசலில் கொண்டுவந்து இங்கே வைத்தார். அப்போது இது வெறும் திட்டு. எருமை நீந்தி வந்து மேயும். பூங்கா, பங்களா, என் வேலை எல்லாம் பிற்பாடு.

பேர் வைக்கவில்லை. நேரம் இல்லை.

வீட்டுக்காரர் பேரை எழுதினால் என்ன ஆகும் என்று எழுதிப் பார்த்தேன். அந்தோணி. ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் வீட்டுக்காரர் என்றே இருக்கட்டும்.

நாளைக்கு: உப்பு, தீப்பெட்டி, துடைப்பம் ஒன்று.

அக்டோபர் 30, புதன்

வெயில், மத்தியானம் மேகம்.

எண்ணுகிற விதம்: தோட்டத்தில் ஒரு இடம், கேந்திப் பாத்தி பக்கம். வ.மூ.வில் ஒரு இடம். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி நேரம் இங்கே, ஒரு மணி நேரம் அங்கே. நின்ற இடத்தில் நின்று, ஐந்து பாகத்துக்குள் (இரண்டு கையும் விரித்தால் ஒரு பாகம்) பறப்பதை எண்ண வேண்டும். வகை பார்ப்பது டீச்சர், வலையோடு அலைவார். தலை எண்ணுவது நான்.

வ.மூ.வில் எங்கே நிற்பது என்று டீச்சர் கேட்டார். புங்கமரத்துக்கும் பாறைக்கும் நடுவில் என்று சொன்னேன். "ஏன் அங்க?" "நெழலுங்க." நிழல்தான். அங்கேதான் பையனும்.

நின்றேன். காலில் முள் ஏறியது. எடுத்தேன். வேறு ஒன்றும் இல்லை.

விரலில் எண்ணினால் இருபதுக்கு மேல் தப்பிப் போகிறது. இடுப்பில் செபமாலை இருந்தது. ஒரு பூச்சிக்கு ஒரு மணி என்று தள்ளினேன். ஒரு பத்து முடிந்தால் மண்ணில் ஒரு கோடு. சுளுவாக இருக்கிறது. நடுவில் வாய் தானாக ஜெபம் சொல்ல ஆரம்பித்தது. நிறுத்தினேன். பூச்சிக்கு எதற்கு.

தோட்டத்திலும் அப்படியே எண்ணப் போய் வம்பு. பவானிப் பக்கத்து அம்மா ஒருத்தர், பேரனுக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து கும்பிட்டு நின்றார்.

"ஏனுங்க, செபம் பண்றீங்களா? நாங்க உங்க கோயில் இல்லைங்க. ஆனா எம் பொண்ணுக்கு வயித்துல நிக்கவே மாட்டேங்குது. அவளுக்கும் சேத்துப் பண்ணுங்க சாமி."

"சரிங்க" என்றேன். என்ன சொல்வது. அவர் போகிற வரைக்கும் ஏழு வெள்ளைப் பூச்சி போயிற்று. ஏழும் அந்தப் பெண் கணக்கில்.

அதனால் தோட்டத்தில் மறுபடி முதலிலிருந்து எண்ணினேன், அங்கே மட்டும் இனிப் புளியங்கொட்டை. முந்தானையிலிருந்து மடிக்கு.

அக்டோபர் 31, வியாழன்

காலை முழுக்க மழை. பூச்சி ஒன்று கூட இல்லை.

"மழைக்கு எங்கீங்க போகும் டீச்சர்? கேன்டீனுக்கா?" இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்குமாம். கூட்டிப் போய்க் காட்டினார். உண்மைதான். உண்ணிச்செடி இலைக்கு அடியில் ஒன்று, இறக்கையை மடக்கி, காய்ந்த சருகு மாதிரி. அசையவில்லை. அதற்கு எஞ்சினீயர் என்று பேர் வைத்தேன்.

டீச்சர் சொல்கிற பேர் எதுவும் நாக்கில் நிற்பதில்லை, நானே வைத்துக்கொண்ட பேர்கள்:
புலி (ஆரஞ்சு, கறுப்புக் கரை. நிறைய.)
கன்னியாஸ்திரி (கறுப்பு வெள்ளை, தலை குனிந்து போகும்)
எலுமிச்சை
சண்டைக்காரி (சின்னது, ஊதா, ஒன்றை ஒன்று துரத்தும்)
மேஸ்திரி (பெரிசு, கறுப்பு, ஒரு வேலையும் இல்லாமல் இங்கேயும் அங்கேயும் போகும்)

கடைசிப் பேர் தோட்ட மேஸ்திரி பழனியப்பன் காதில் விழுந்துவிட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருக்கிறார்.

"ஏனக்கா, ஊட்ல எம் பொண்டாட்டி வைக்கற பேரு பத்தாதுன்னு நீங்களும் வைக்கிறீங்களா?"

"அவ என்னனு வச்சாளோ, அதைச் சொல்லுங்க, மாத்திக்கறேன்."

"அது பொம்பளைங்க முன்னால சொல்ல முடியாதுங்க."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மேஸ்திரி நல்ல மனுசன். கையில் ஒரு கட்டு முளைக்குச்சி வைத்திருந்தார். என்ன என்று கேட்டேன்.

"வடக்கால அடிக்கச் சொல்லி எஞ்சினீயர் ஐயா ஆளு அனுப்பியிருக்காருங்க. அளவுக்கு. புதன்கெழம அவரே வாராரு."

சாயந்திரம் மழை விட்டது. போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு நாலு மூலை, நாலு குச்சி என்று முப்பத்திரண்டு, தலையில் சுண்ணாம்பு. புங்கமரத்துக்குக் கீழே ஒன்று. நான் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு எட்டு. என் இடம் மூன்றாம் வீட்டுக்கு உள்ளே வருகிறது. சமையல்கட்டாக இருக்கும்.

இராத்திரிக்குச் சோளக்களி. கீரை.

நவம்பர் 1, வெள்ளி

நல்ல வெயில். மழைக்கு அப்புறம் பூச்சி கொட்டுகிறது.

வ.மூ.வில் ஈர மண்ணில் கும்பலாக உட்கார்ந்து தண்ணீர் உறிஞ்சுகின்றன. எல்லாம் ஆணாம். "பொம்பளைங்க எங்க டீச்சர், சமையலா?" முட்டை வைக்க இலை தேடிப் போயிருக்குமாம். கேட்டதற்கு வருத்தப்பட்டேன், உண்மையாகவே வேலைக்குத்தான் போயிருக்கிறது.

டீச்சருக்கு இன்றைக்கு நஷ்டம். வகைக் கணக்கில் நாற்பத்து மூன்று இருந்தது. கறுப்பில் வெள்ளைக் கோடு ஒன்று, கறுப்பில் சிவப்புப் பொட்டு ஒன்று, இரண்டும் வேறு வேறு என்று எழுதி வைத்திருந்தேன். கோடு போட்டது புருசன், பொட்டு வைத்தது பொண்டாட்டி, இரண்டும் ஒரே வகை என்றார். பொண்டாட்டி வேறொரு விஷப்பூச்சி மாதிரி வேஷம் போட்டிருக்கிறாளாம், குருவி தின்னாமல் இருக்க. அந்த விஷப்பூச்சியும் இங்கே தனியாக உண்டு. எது அசல், எது வேஷம் என்று காலையும் வயிற்றையும் பார்த்துத்தான் தெரியுமாம். புலியிலும் இப்படி ஒரு வேஷக்காரி. அடித்துத் திருத்தி நாற்பத்தொன்று.

"மூஞ்சியப் பார்த்துச் சொல்ல முடியாதுங்களா?"

"முடியாது புஷ்பம்மா."

"மனுசங்க மாதிரியேதான்."

சும்மா சொன்னேன். டீச்சர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உலை வைக்கணும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 2, சனி

மந்தாரம். வேர்க்கிறது.

இன்றைக்குக் கல்லறைத் திருநாள். விடியக் கோயிலுக்குப் போனோம், வீட்டுக்காரரும் நானும், அவர் பரிசலிலேயே. மாமியார் கல்லறையில் புல் பிடுங்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி ஆறு. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தார். பக்கத்துக் கல்லறைக்காரர்கள் கேட்டார்கள், "உங்களுக்கு இது ஒண்ணுதானா?" "ஒண்ணுதானுங்க" என்றார் வீட்டுக்காரர்.

திரும்பி வரும்போது பரிசல் திட்டைச் சுற்றி மேற்கால வந்தது. வடக்கால வந்தால் கிட்டம். இருபத்தொரு வருடமாக அவர் அந்தப் பக்கம் துடுப்புப் போட்டதில்லை. நான் கேட்டதும் இல்லை.

பூமாலையில் மீந்த சாமந்தி கொஞ்சம் மடியில் இருந்தது. வ.மூ.வில் நிற்கும்போது பார்த்தேன். அங்கே வைக்கவில்லை, கேன்டீன் ஆட்டுக்குப் போட்டுவிட்டேன். பூ வைத்தால் யாராவது கேட்பார்கள்.

வ.மூ. பத்து பத்தாக ஆறு கோடு. தோட்டம் எழுபத்திரண்டு.

தோட்டம் முந்துகிறது. கேந்தி நன்றாகப் பூத்துவிட்டது. மேஸ்திரிக்கு வேறு வேலை இல்லையா, இத்தனை எரு போட்டு வளர்ப்பதற்கு.

நவம்பர் 3, ஞாயிறு

வெயில். கூட்டம். சேலத்திலிருந்து பஸ் மூன்று.

ரேடியோக் குழாய் காலையிலிருந்து. புல்தரை முழுக்க எலுமிச்சைச் சாதப் பொட்டலம். தோட்டத்தில் எண்ண முடியவில்லை, பிள்ளைகள் பூச்சியைத் துரத்துகின்றன. ஒரே பூச்சியை மூன்று தடவை எண்ணியிருப்பேன். வேண்டுமென்றே குறைத்து எண்ணலாமா என்று தோன்றியது. ஒரு புளியங்கொட்டையை உள்ளங்கையில் வைத்திருந்தேன், தள்ளாமல். அப்புறம் தள்ளிவிட்டேன். டீச்சர் என்னை நம்பிப் பக்கத்தில் கூட இல்லை. அதுதான் தொல்லை.

கேட்ட பேச்சு, புல்தரையில்:
"அந்தப் பக்கம் என்னங்க இருக்குது?"
"ஒண்ணுமில்ல, காடு. பாம்பு இருக்கும்."
"ஒண்ணுமில்லாத எடத்துக்கு வேலி எதுக்கு?"

மத்தியானம் பங்களாவில் ஒரு குடும்பம், பதினோரு பேருக்குச் சாப்பாடு. ரசம் பத்தவில்லை. வெந்நீர் கலந்தேன். நன்றாக இருக்கிறது என்று கேட்டு வாங்கினார்கள்.

நவம்பர் 4, திங்கள்

காலையில் வெயில், அப்புறம் தூறல்.

இன்றோடு எண்ணிக்கை முடிந்தது. நாளை கூட்டிப் பார்ப்பதாக இருந்தது, டீச்சர் இன்றைக்கே கூட்டிவிட்டார். சாப்பாட்டு மேசையில் என்னை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு. நான் உட்காருவதில்லை. உட்கார வைத்தார்.

வகை: வ.மூ. நாற்பத்தொன்று. தோட்டம் பதினேழு.
தலை: வ.மூ. முந்நூற்றுத் தொண்ணூறு. தோட்டம் நானூற்றுப் பன்னிரண்டு.

டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தார். "வகையைப் பாத்தா புதர் எங்கேயோ நிக்குது. ஆனா அவர் கேட்டது தலை. தோட்டத்துலயே அதிகம் இருக்கே, புதர் எதுக்குன்னு கேப்பார்."

"ரெண்டு எழுத்து மாத்திப் போட்டுட்டா?"

"நான் மாத்த மாட்டேன் புஷ்பம்மா."

"நானும் சும்மாதானுங்க கேட்டேன்."

இரண்டு பேரும் முறுக்கு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காலி.

வீட்டுக்குப் போய்ச் சோறு போடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். வடக்கால எல்லாம் எடுக்கப் போறாங்க, இருபத்திரண்டு பூச்சி கொறச்சல். அவர் தட்டைப் பார்த்தபடி, "மோரு ஊத்து" என்றார். ஊற்றினேன்.

அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை. பாத்திரம் கழுவினேன்.

நவம்பர் 5, செவ்வாய்

வெயில்.

காலையில் ஏழு மணிக்கே வீட்டுக்காரர் பங்களா வாசலில். அவர் பங்களாப் படி ஏறியதில்லை. கையில் வெற்றிலை டப்பா.

"டீச்சரம்மாளக் கூப்புடு."

டீச்சர் வந்தார். இவர் டப்பாவை நீட்டினார்.

"ஒண்ணு கொண்டாந்தேனுங்க. கணக்குல சேத்துக்குங்க."

திறந்தால் உள்ளே ஒரு பூச்சி. உயிரோடுதான் இருந்தது. இறக்கையில் நிறம் என்று எதுவும் இல்லை, கண்ணாடித் தாள் மாதிரி. நிறமெல்லாம் பொடிப்பொடியாக டப்பாவிலும் வீட்டுக்காரர் விரலிலும். தவறிப் பறந்துவிடக் கூடாது என்று அழுத்திப் பிடித்திருக்கிறார். இத்தனை வருடம் துடுப்புப் பிடித்த கை.

டீச்சர் வெளிச்சத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார். "இது எதுன்னு சொல்ல முடியலைங்க. செதில் எல்லாம் போயிருச்சு. எங்க பிடிச்சீங்க?"

"ஆத்துக்கு அக்கட்டைங்க."

"திட்டுல பறந்ததைத்தான் சேக்கணும். எண்ணிக்கையும் நேத்தோட முடிஞ்சுது. மன்னிச்சுக்குங்க."

"செரிங்க" என்று டப்பாவை வாங்கித் தட்டிவிட்டு, மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே போகத் தோன்றியது. அடுப்பில் பால்.

டீச்சர் கேட்டார், இவர் ஏன் இவ்வளவு தூரம், இது அவர் இடமா என்று. எங்க பையன் அங்க இருக்கான் என்று சொன்னேன். பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னேன். எங்கே என்று கேட்டார். நான் நிக்கற எடத்துல என்றேன். காப்பியை அவர் குடிக்கவில்லை. ஆறிப்போய் நான் குடித்தேன்.

பதினோரு மணி இருக்கும். டீச்சர் அறையிலிருந்து வந்து, "எப்படி எண்ணினீங்கன்னு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்றார். அறிக்கையில் எழுத வேண்டுமாம். புளியங்கொட்டை காட்டினேன். செபமாலை காட்டினேன். ஒரு பூச்சி ஒரு மணி, ஒரு பூச்சி ஒரு மணி, இந்தத் தனி மணி வந்து அதையும் தள்ளியானதும் பத்து முடிந்தது, ஒரு கோடு.

"இந்தத் தனி மணி எதுக்கு?"

"பரலோக மந்திரத்துக்குங்க. பத்துச் சின்ன மணி மாதா ஜெபத்துக்கு. அப்புறம் இடைவெளி விட்டு இது ஒண்ணு."

"இதுக்கும் ஒரு பூச்சி தள்ளினீங்களா?"

"தள்ளினேனுங்க. சும்மா உட முடியுமா, அதுவும் மணிதானுங்க."

டீச்சர் மணியை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பத்து. தனி மணியோடு பதினொன்று. நாற்பது வருடமாக நான் அதைப் பத்து என்றுதான் சொல்கிறேன். எங்கள் ஆட்கள் எல்லாருமே பத்து என்றுதான் சொல்வோம். ஜெபம் பத்துதானே. மணிதான் பதினொன்று.

ஆக, வ.மூ.வில் முப்பத்தொன்பது கோடு. முப்பத்தொன்பது பதினொன்று. டீச்சர் கூட்டினார், நானும் என் பங்குக்கு மண்ணில் கோடு போட்டுக் கூட்டினேன். நானூற்று இருபத்தொன்பது.

தோட்டம் நானூற்றுப் பன்னிரண்டு. அது புளியங்கொட்டை, அதில் தப்பு இல்லை.

டீச்சர் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். "எட்டாவது படிச்சேன்னீங்களே" என்றார்.

"மூணுங்க."

"தெரியும். முதல் நாளே தெரியும்."

நவம்பர் 6, புதன்

நல்ல வெயில். காற்று.

எஞ்சினீயர் ஐயா பத்து மணிக்கு விசைப்படகில். வெள்ளைக் கால்சட்டை. கேசரி, வடை, காப்பி நான்.

டீச்சர் பத்துப் பக்கம் எழுதி வைத்திருந்தார், இங்கிலீஷில். அவர் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் பார்த்தார். "நானூத்தி இருபத்தொம்பது. சரி. எங்க நின்னு எண்ணினது?"

வ.மூ.வுக்குக் கூட்டிப் போனார்கள். நான் தண்ணீர்ச் செம்போடு பின்னால். வெயிலுக்குப் பூச்சி நன்றாகவே பறந்தது. சண்டைக்காரி ஒன்று எஞ்சினீயர் தொப்பியில் உட்கார்ந்தது. மேஸ்திரியும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

எஞ்சினீயர் சொன்னது:
"வீடு வேண்டாம். குச்சியைப் பிடுங்கிடு மேஸ்திரி. புதர் இப்படியே இருக்கட்டும். ஒரு நடைபாதை விடு, ஒரு போர்டு வை. ஜனங்க உக்காந்து பாக்க ஒரு பெஞ்சு போடு."

"பெஞ்சு எங்கீங்க போடறது?"

"எங்க அதிகமா தெரியுதோ அங்க. அந்தம்மா நின்ன எடத்துலயே போடு."

டீச்சர், "கொஞ்சம் தள்ளிப் போட்டா நல்லதுன்னு..." என்று ஆரம்பித்தார். எஞ்சினீயர், ஏன் என்றார். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் செம்பைப் பார்த்தேன். சொன்னால் நாலு பேருக்குத் தெரியும், அப்புறம் தோண்டுவார்கள், கோயிலில் கேட்பார்கள், இருபத்தொரு வருடம். "அங்க நெழல் நல்லா இருக்குதுங்க" என்று நானே சொன்னேன்.

அவ்வளவுதான். வடை நாலு சாப்பிட்டார்.

நவம்பர் 7, வியாழன்

தூறல்.

டீச்சர் காலை பஸ்ஸுக்குக் கிளம்பினார். பூச்சிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார், சாமானோடு போடவில்லை. படகுத்துறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு எதுவோ சொல்ல வந்தார். "அடுத்த தடவ முறுக்கு நமுக்காம கொண்டாங்க டீச்சர்" என்றேன். அழுதுகொண்டே சிரித்தார். அவர் அழுதது எனக்குப் பக்கத்து வீட்டில் நடப்பது மாதிரி இருந்தது.

இரண்டாம் நம்பர் அறை: படுக்கை விரிப்பு துவைக்கப் போட்டது. அலமாரியில் அந்துருண்டை ஒன்று. வைத்துக்கொண்டேன்.

இராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். வீடு கட்டலை, பெஞ்சு போடறாங்க, அங்கயே. "மரமா, சிமிட்டியா?" என்றார். தெரியவில்லை என்றேன்.

நவம்பர் 8, வெள்ளி

வெயில்.

மர பெஞ்சு. இரும்புக் கால் நாலு. மேஸ்திரி ஆள் வைத்துக் குழி எடுத்து இறக்கிவிட்டார். பதினோரு மணிக்குக் கேன்டீனில் டீ குடிக்கும்போது கேட்டேன்.

"குழி எவ்வளவு ஆழமுங்க?"

"ஒண்ணரை அடி இருக்குமுங்கக்கா. ஏனுங்க?"

"ஆடாம நிக்கணுமில்ல. ஏதாச்சும் வந்துச்சா?"

"வேரு. ஒடஞ்ச சட்டி ஓடு ஒண்ணு. வேற என்ன வரும், பொதையலா? இருந்தாச் சொல்லுங்க, பாதிப் பாதி."

"எனக்கு முக்கா. எடம் காட்டுனது நானு."

சிரித்துவிட்டுப் போனார். ஒன்றரை அடி. வீட்டுக்காரர் இடுப்பளவு எடுத்தேன் என்று அன்றைக்குச் சொன்னார். அதற்கு மேல் இரண்டு வெள்ளம் மண் போட்டிருக்கிறது. அப்படியானால் சரி. இரண்டு தடவை கணக்குப் போட்டேன், விரலில்.

சாயந்திரம் படகுத்துறையிலிருந்து பார்த்தேன். ஒரு பரிசல் திட்டுக்கு வடக்கால போய்க்கொண்டிருந்தது. மெதுவாக. அந்த ஓரத்தில் சற்று நின்ற மாதிரி இருந்தது. வெயில் கண்ணில் அடித்தது. எங்கள் பரிசலா என்று சொல்ல முடியாது. வீட்டில் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு.

நவம்பர் 9, சனி

வெயில். மேகம் இல்லை.

பங்களாவில் ஆள் இல்லை. பத்து மணிக்குப் பெருக்கி முடித்துவிட்டு வ.மூ. போனேன். நடைபாதைக்குச் சரளை கொட்டி வைத்திருக்கிறார்கள். போர்டு இன்னும் வரவில்லை. பெஞ்சுக்குப் பச்சை அடித்திருக்கிறார்கள், புல்தரை பெஞ்சுக்கெல்லாம் அடிக்கிற அதே பச்சை. புங்க நிழல் சரியாக அதன் மேல் விழுகிறது.

யாரும் இல்லை. உட்கார்ந்தேன். இருபத்தொரு வருடத்தில் அங்கே நின்றிருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. சாய்ந்துகொண்டேன். எலுமிச்சை நாலு. கன்னியாஸ்திரி ஒன்று. எண்ண வேண்டியதில்லை, இருந்தாலும் எண்ணினேன். ஒரு மணி நேரம் இருக்கும்.

எழுந்தபோது புடவை கூட வரவில்லை. பெயின்ட் காயவில்லை. வெள்ளைப் புடவை, முதுகில் மூன்று பச்சைக் கோடு, கீழே இரண்டு. கேன்டீன் வழியாகத்தான் வர வேண்டும், வந்தேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, பெயின்ட் காயவில்லை என்று அட்டை எழுதி வைக்கச் சொல்லியிருந்தாராம், ஆள் மறந்துவிட்டானாம். மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தேன். இரண்டு கோடு போயிற்று.